பனி விளக்குக்கு ஒரு சுவிட்ச்

கேமரன் மலைத் தோட்டத்து லயத்தில் நள்ளிரவில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும், தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு என் தம்பியின் கார்தான் ஓடும். மூடுபனியில் பெரிய விளக்கைப் போட்டால் ஒளி திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். தாழப் பொருத்திய பனி விளக்குத்தான் சாலையோரத்தைக் காட்டும்.

ஆகவே இரண்டு விளக்குகள் வாங்கி வந்தான். கார் வயரிங் என் தொழில். "சுவிட்ச் போதுமே, ரிலே வீண் செலவு" என்றான். நான் ஒப்பவில்லை. 55 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட் பேட்டரியில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்னச் சுவிட்சும் மெல்லிய வயரும் அதைத் தாங்காமல் சூடேறி உருகும், தீயும் பிடிக்கலாம். ரிலே இருந்தால் பளுவை அது சுமக்கும்; சுவிட்ச் அதைத் தட்டி எழுப்பினால் போதும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30-க்குத் தடித்த வயர், 87-லிருந்து விளக்குகளுக்கு, சுவிட்ச் வயர் 86-க்கு. 85-ம் விளக்குகளின் மறு வயர்களும் காரின் இரும்பு உடம்புக்கு. பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வழியில் வயர் உரசினாலும் அது முந்திக்கொண்டு எரிந்துவிடும்.

தெளிந்த இரவில் அந்தச் சுவிட்சைத் தொடாதே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். எதிரே வருகிறவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு.