இரண்டாம் கியரின் நகரம்

திருவனந்தபுரத்தில் நேராக ஓடும் சாலை என்று சொல்ல ஒன்றிரண்டுதான் உண்டு. வெள்ளையம்பலத்திலிருந்து கவடியார் அரண்மனை வாசலை நோக்கிப் போகும் ராஜவீதி அவற்றில் ஒன்று. அகலமான, மரநிழல் விழும் வீதி. மோட்டார் சைக்கிள் வாங்கும் உத்தேசத்தில் சோதனை ஓட்டத்துக்கு வண்டியை எடுத்தவர், இந்த வீதியில் ஒரு முறை நாலாவது கியரில் போய்த் திரும்பி வந்து திருப்தியடைந்தால், தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம். ஊரின் மீதிப் பகுதி முழுக்க ஏற்றம், இறக்கம், வளைவு. ஏழு குன்றுகளின் மேல் அமைந்த நகரம் என்று சுற்றுலாக் கையேடுகள் பெருமையடிக்கும் விஷயம், வண்டி வாங்குபவருக்கு அன்றாடக் கணக்கு. கிழக்கேகோட்டையில் பஸ்களுக்கு நடுவே நெளிந்து, ஓவர்பிரிட்ஜைத் தாண்டி, எம்.ஜி. ரோட்டில் ஆயுர்வேதக் கல்லூரி ஏற்றத்தில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நிற்கும்போது, பின்சீட்டில் மனைவியும் மடியில் காய்கறிப் பையுமாக வண்டி இரண்டாம் கியரில் திணறாமல் ஏறுகிறதா? இந்த ஊரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

வேகம் இரண்டாம் பட்சம். தமிழ்நாட்டில் ஒரு ஊர் முடிந்து இன்னொன்று தொடங்குவதற்குள் வயலோ பொட்டல்காடோ வரும். கேரளத்தில் அப்படி இல்லை. வீடு, கடை, பள்ளிக்கூடம், மசூதி, மறுபடி வீடு. கொல்லம் வரை எழுபது கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒரே தெருவாக நீள்கிறது. போதாததற்கு 2023 ஜூன் 5 முதல் மாநிலம் முழுக்க 726 கேமராக்கள் கண் விழித்திருக்கின்றன. ஹெல்மெட் போடாத தலையும் மூன்றாவதாகத் தொற்றிக்கொண்டவரும் தப்ப முடியாது. பின்சீட்டுக்காரருக்கும் ஹெல்மெட் என்பது 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது. மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடும் வண்டியை இங்கே வாங்குபவர், அந்த எண்ணை ஸ்பீடாமீட்டரில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த நில அமைப்புக்குப் பொருத்தமானது எது என்ற விவாதம் நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. 1984இல் ஓசூரிலிருந்து இன்ட்-சுசுகி வந்தது. அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதோடு எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்.எக்ஸ். 100. நூறு சி.சி. கூட முழுதாக இல்லாத ஆர்.எக்ஸ். 11 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு போட்ட ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் கண் கலங்கிப் பேசுகிற ஐம்பது வயதுக்காரர்கள் பாளையம் டீக்கடைகளில் கிடைப்பார்கள். அந்த வண்டியும் மைசூரில் தயாரான யெஸ்டியும் 1996இல் ஒன்றாகவே விடைபெற்றன. யெஸ்டியில் உதைத்து ஸ்டார்ட் செய்யும் கம்பியே மடக்கினால் கியர் கம்பியாகிவிடும். ஒரே காலுக்கு ஒரே கம்பி, இரண்டு வேலை. இந்தச் சிக்கனத்தை ரசித்தவர்கள் அதை விட்டுக்கொடுத்ததே இல்லை.

எல்லாரையும் தாண்டி நின்றது புல்லட். கேரளத்தில் அது வாகனம் என்பதைவிடக் குடும்ப உறுப்பினர். துல்கர் சல்மான் நடித்து 2013இல் வந்த 'நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி' படத்தில் இரண்டு நண்பர்கள் கேரளத்திலிருந்து நாகாலாந்துக்குப் புறப்படுவது புல்லட்டில்தான். வேறு வண்டியில் அனுப்பியிருந்தால் கேரள ரசிகர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் குடும்ப உறுப்பினரின் பிறந்த வீடு திருவொற்றியூர். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட்டுகள் 800 வேண்டும் என்று கேட்டதைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. 1970இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. சென்னை வண்டி நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. 1994இல் ஐஷர் கைக்கு வந்தது. 2000 வாக்கில் மாதம் இரண்டாயிரம் வண்டி விற்பதே பெரும்பாடாகி, மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது 26 வயது சித்தார்த்த லால் பொறுப்பேற்றுக் காப்பாற்றினார். கதை தெரிந்ததுதான்.

அந்தப் பழைய வண்டியை ஓட்டக் கற்றவர்கள் தனி ஜாதி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். மற்ற வண்டிகளில் எல்லாம் தலைகீழ். அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தவர்கள் ஏராளம். ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. இடது கைப்பக்கம் இருக்கும் சிறு லீவரை அழுத்திக்கொண்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, லீவரை விட்டுவிட்டு, பிறகு ஓங்கி ஒரே மிதி. முள்ளைக் கவனிக்காதவரின் கணுக்காலை வண்டி திருப்பி உதைக்கும். மாப்பிள்ளைக்குப் புல்லட்டை ஸ்டார்ட் செய்யத் தெரியுமா என்பது சில வீடுகளில் விசாரணையின் ஒரு பகுதியாக இருந்தால் ஆச்சரியமில்லை.

இத்தனை தொல்லையையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 70 மில்லிமீட்டர் அகல சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் பயணம் செய்யும் என்ஜின் அது. நிதானமாகச் சுற்றும், ஆனால் சுற்றும் ஒவ்வொரு முறையும் கனமாக இழுக்கும். குதிரைசக்தி 18தான். ஏற்றத்தில் வேகம் விழுந்த பிறகும் கியர் மாற்றாமல் தூக்கிக்கொண்டு போகும் அந்த இழுவைதான் குன்றுகளின் ஊரில் அதற்கு மரியாதை வாங்கித் தந்தது. கூடவே, முக்குக்கு முக்கு அதன் உள்ளுறுப்புகளை மனப்பாடமாக அறிந்த ஒரு 'ஆசான்' இருந்தார். வழியில் நின்றால் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

இன்று ஷோரூமுக்குள் நுழைபவர் எதிர்கொள்வது வேறு காட்சி. 2023 செப்டம்பரில் வந்த புல்லட் 350, பெயரையும் பெட்ரோல் டேங்கின் கோடுகளையும் மட்டுமே தாத்தாவிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. 349 சி.சி., 20 குதிரைசக்தி, ஐந்து கியர், எல்லாம் இடது காலில். கார்புரேட்டர் போய் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கிக்கர் கிடையாது, பட்டனைத் தொட்டால் போதும். அதிர்வைத் தணிக்க என்ஜினுக்குள் ஒரு எதிர் எடைத் தண்டு சுழல்கிறது. எடை 195 கிலோ.

எதிர்க்கடைகளும் சும்மா இல்லை. ஹோண்டா 2020இல் கொண்டுவந்த ஹைனெஸ் சி.பி. 350 இருக்கிறது. பஜாஜ் தயாரிக்கும் டிரையம்ப் ஸ்பீட் 400 இருக்கிறது. யெஸ்டியும் ஜாவாவும்கூட மறுபிறவி எடுத்திருக்கின்றன. இதற்கிடையில் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. ஒரு கோடு கிழித்துவிட்டது. 350 சி.சி. வரை 28 சதவிகிதம் இருந்த வரி 18 ஆயிற்று. அதற்கு மேல் 40. 349 சி.சி. புல்லட் ஒற்றை சி.சி. வித்தியாசத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம், 398 சி.சி. டிரையம்ப் அந்தப் பக்கம். அதன்மேல் கேரள அரசின் பதினைந்து ஆண்டுச் சாலை வரி ஒரே தவணையில். விலை ஏற ஏற அதன் விகிதமும் ஏறும். 40 குதிரைசக்திக்கு ஆசைப்படுபவர், அந்தச் சக்தி நிமிடத்துக்கு 8,000 சுற்றில்தான் முழுதாகக் கிடைக்கும் என்பதையும், ஸ்டாச்யூ சந்திப்பில் 8,000 சுற்றுக்கு இடமில்லை என்பதையும் யோசித்துக்கொள்வது நல்லது.

காகிதத்தில் கணக்குப் போட்டால் இந்த ஊருக்கு ஹோண்டாதான் சரி. அதன் இழுவை 30 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,000 சுற்றிலேயே. புல்லட்டுக்கு 27, அதுவும் 4,000 சுற்றில். எடையிலும் ஹோண்டா 14 கிலோ குறைவு. குன்றுச் சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்கு இழுத்து வெளியே எடுக்கும்போது அந்த 14 கிலோ என்ன என்பதை இடுப்பு சொல்லும். சாலை பஜாரின் சந்துகளில் இது தினப்படிச் சங்கதி. ஆனாலும் பாளையம் சிக்னலில் பத்து நிமிடம் நின்று பார்த்தால், கணக்கு ஜெயிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

புல்லட்டை வாங்குவதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் இதில் சுவாரஸ்யம். ஏற்றத்தில் அதற்கு இணையாக இழுக்க இன்று மற்றவர்களும் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் கோளாறைக் கண்டுபிடிக்க ஆசானுக்கும் கம்ப்யூட்டர் இணைப்பு வேண்டும். சத்தம்? எதிர் எடைத் தண்டு அதிர்வோடு அதையும் பாதி விழுங்கிவிட்டது. அடுத்த தெருவில் வரும்போதே 'அப்பா வந்தாச்சு' என்று பிள்ளைகள் புத்தகத்தை எடுத்த காலம் போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்க்கச் சைலன்சரை மாற்றுபவர்கள் மோட்டார் வாகனத் துறையிடம் அபராதம் கட்டுகிறார்கள், கட்டட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மெடிக்கல் காலேஜ் வழியாக வெடித்துக்கொண்டு போவதை யாரும் பாரம்பரியம் என்று நியாயப்படுத்த முடியாது.

முடிவெடுத்து, பணம் கட்டி, கே.எல்.-01 என்று தொடங்கும் நம்பர் கிடைத்ததும் பலரும் முதலில் போவது பழவங்காடி கணபதி கோயிலுக்கு. தேங்காய் உடைபடும் சத்தம் ஓயாத அந்தக் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம். ராணுவத்துக்காகத் தயாராகத் தொடங்கிய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடைக்காது. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம், ஹேண்டிலில் மாலை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுக் கேட்பார்: "எத்ர கிட்டும்?" லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அர்த்தம். சுமார் 35 என்ற பதிலுக்கு ஓர் அனுதாபப் பார்வை கிடைக்கும்.

வண்டியைத் தெரிந்துகொள்ள ஊருக்குள் சுற்றினால் போதாது. முதல் 500 கிலோமீட்டர் என்ஜினை விரட்டக் கூடாது என்பது விதி. முறுக்காமல் ஓட்டவே லாயக்கான ஒரு சாலை ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. விடியற்காலையில் பேரூர்க்கடை, வழயில, கரகுளம் வழியாக நெடுமங்காடு. நம்பர் பலகைகள் கே.எல்.-21 ஆக மாறத் தொடங்கும். சுள்ளிமானூரில் செங்கோட்டைச் சாலையைப் பிரிந்தால் தொளிக்கோடு, விதுரா, ரப்பர் தோட்டங்களின் குளிர். இந்தப் பகுதியில்தான் புது வண்டியின் குணம் புரிகிறது. மூன்றாம் கியரில் நாற்பதில் போகும்போது அது உற்சாகமாகவும் இல்லை, சோம்பலாகவும் இல்லை. எருமை மாதிரி ஒரே சீராக நடக்கிறது. பழைய வண்டியில் ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும் உள்ளங்கை இதில் தெளிவாக இருக்கிறது. அகலமான சீட்; பின்னால் இருப்பவர் புகார் சொல்ல நெடுமங்காடு தாண்ட வேண்டும். சிறு பள்ளங்களைக் கண்டுகொள்வதில்லை. பெரிய பள்ளம் முதுகெலும்புக்கு நேராகத் தகவல் அனுப்புகிறது.

கல்லாரில் வனத்துறைச் சோதனைச் சாவடி. ஆற்றுப் பாறைகள் மேல் ஓடும் தண்ணீரின் சத்தம் என்ஜினை அணைத்த பிறகுதான் கேட்கிறது. அங்கிருந்து பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு. கனமழை பெய்தால் பாதை மூடப்படும். அப்படி இல்லாத நாளில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே 1,100 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. முதல் நாலைந்து வளைவுகளில் 195 கிலோ ஓட்டுபவரைப் பயமுறுத்துகிறது. வண்டி சாயத் தயங்குகிறது, அவரும் தயங்குகிறார். ஏழாவது வளைவு வாக்கில் ஒப்பந்தம் ஏற்படுகிறது: வளைவுக்கு முன்பே இரண்டாம் கியர், உள்ளே போன பிறகு எதையும் தொடக் கூடாது, த்ராட்டிலை ஒரு நூல் மட்டும் திறந்து வைத்தால் மற்றதை என்ஜினே பார்த்துக்கொள்ளும். அடங்கிய அந்தச் சத்தம், பனிமூட்டத்துக்குள் பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது மட்டும், கொஞ்சம் தாத்தாவின் குரலில் ஒலிக்கிறது.

இறக்கத்தில் வேறு நியாயம். பழைய வண்டியின் டிரம் பிரேக், மழையில் நனைந்துவிட்டால் பிடிக்கும் என்ற நம்பிக்கையை மட்டுமே கொடுக்கும். இதில் முன்பக்கம் 300 மில்லிமீட்டர் டிஸ்க், அதோடு ஏ.பி.எஸ். 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து சட்டம் கட்டாயமாக்கியது. பதினோராவது வளைவில், எதிரே தவறான பக்கத்தில் ஜீப் ஒன்று திரும்பும்போது, ஈரத் தார் மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் லீவர் விரலுக்கடியில் படபடத்து வண்டி நிற்கிறது. பழைய புல்லட்டில் வாழ்ந்தவர்கள் சத்தத்தைப் பற்றிப் புலம்புவது நியாயம்தான். பிரேக்கைப் பற்றி அவர்கள் வாயே திறப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மதியத்துக்குள் ஊர் திரும்பினால் மீட்டரில் சுமார் 120 கிலோமீட்டர் கூடியிருக்கும். இடைவேளையில்லாமல் ஐந்தாவது கியர் கிடைத்தது மொத்தம் பத்து நிமிடம் இருக்கலாம். முதல் சர்வீஸுக்கு இன்னும் 380 பாக்கி. சங்குமுகம் கடற்கரைக்கு நாள்தோறும் மாலையில் போய் வந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் குரோமியத்தைத் துடைத்து வைக்க வேண்டும். உப்புக் காற்றுக்குப் புது வண்டி, பழைய வண்டி என்ற பேதம் கிடையாது.