புதிய தட்டும் பழைய பெட்டியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியில், தருமபுரத்தைக் கடந்தபின் பிரியும் கிரவற் பாதையொன்றின் ஓரத்தே ஒரு சனசமூக நிலையம் உண்டு. தகரக் கூரை, அரைச்சுவர், நீண்ட வாசிப்பு மேசை, இரண்டு வாங்குகள். மூலையிலே பூப்போட்ட துணியால் போர்த்தப்பட்டு ஒரு கணனி. ஊரவர் அதனை 'மாஸ்ரரின்ரை பெட்டி' என்பர். ஓய்வுபெற்ற ஆசிரியரான நிலையச் செயலாளர் 2011 ஆம் ஆண்டு வவுனியாவிலே பழம்பொருளாக வாங்கி, பஸ் இருக்கையில் மடிமீது வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. பென்ரியம் 4 செயலி, விண்டோஸ் எக்ஸ்பி, 40 கிகாபைற் கொள்ளளவுள்ள வன்தட்டு. இவ்வளவே அதன் சொத்து.

ஆனால் அதனுள் இருந்தவற்றைச் சொத்து என்ற சொல்லால் அடக்கிவிட இயலாது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது அவ்வூரார் முகாமில் இருந்தனர். மீளக் குடியேறியபோது வீடுகள் இருக்கவில்லை, கிணறுகள் தூர்ந்திருந்தன, பெட்டகங்களில் இருந்த உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கலியாணப் படங்களும் எங்கோ வழியில் விடப்பட்டிருந்தன. மாஸ்ரர் குடும்பம் குடும்பமாகச் சென்று பெயர்களை எழுதினார். யார் எந்தக் காணியில் இருந்தார், யார் இறந்தார், யார் எங்கே எனத் தெரியவில்லை என்பனவெல்லாம் பாமினி எழுத்துருவிலே தட்டச்சாகிப் பெட்டிக்குள் சென்றன. வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் அகப்பட்ட பழைய படங்களைக் கேட்டுப்பெற்று, ஸ்கான் செய்து சேர்த்தார். பத்தாண்டுகளில் முப்பத்தொரு கிகாபைற் நிறைந்தது. ஊரின் நினைவு முழுவதும் ஒரேயொரு தட்டிலே சுழன்றுகொண்டிருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த செய்தியைப் பேசும்போதெல்லாம் கண்கலங்கும் மனிதர், தமது சேகரத்துக்கு இரண்டாவது பிரதி வேண்டும் என்பதைப் பத்தாண்டுகள் எண்ணாதிருந்தது வியப்பே. அறிந்தவர்கள் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள்.

2022 பெப்ரவரியில் தட்டு சத்தமிடத் தொடங்கிற்று. காய்ந்த பாலைக்கொட்டையை நகத்தால் சுண்டுவது போன்ற சத்தம். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் பயிலும் அவருடைய தங்கையின் மகன் விடுமுறையில் வந்திருந்தான். கேட்டவுடன், "மாமா, இது கனநாள் தாங்காது. வேறை ஒண்டு வாங்கிப் போடோணும்" என்றான்.

கனடாவிலுள்ள ஊரவர் ஒருவர் காசு அனுப்பினார். இருப்பவற்றுள் மிகப் பெரியதை வாங்கும்படி சொல்லியும் அனுப்பினார். புலம்பெயர்ந்தோர் கொடை பலவற்றுக்கு இவ்வியல்பு உண்டு. குளத்துக்குக் கரை கட்டக் கேட்டால் கோயிலுக்குக் கோபுரம் வரும். மார்ச் மாதம் ரூபா மதிப்பிழந்து, பொருள்களின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த வேளை. கிளிநொச்சி நகரிலே ஒரு கடையில் 3 ரெராபைற் வன்தட்டு வாங்கப்பட்டது. கடைக்காரர் தம்முடைய புதிய கணனியில் பூட்டிப் பார்த்து, "எல்லாம் சரி" எனக் கையில் கொடுத்தார். விற்ற பொருளை மாற்றித் தரமுடியாது என்பதையும் உடன் சொன்னார்.

அன்று மாலை மின்சாரம் வந்ததும் பெட்டி திறக்கப்பட்டது. பழைய தட்டு அகன்ற ஐடிஈ பட்டியிலும் புதியது ஒடுங்கிய சாற்றா வடத்திலும் பூட்டப்பட்டன. நல்வாய்ப்பாக அத்தாய்ப்பலகையில் இரண்டுக்கும் இடம் இருந்தது. கணனி விழித்தெழுந்து, புதிய தட்டின் கொள்ளளவு 801 கிகாபைற் என அறிவித்தது. விண்டோஸ் திறந்தபின் தட்டுகளை நிருவகிக்கும் சாளரத்தில் அது தோன்றியதே தவிர, எந்தக் கட்டளைக்கும் அசையவில்லை. போமற் செய்யும் கட்டளை, அழிக்கும் கட்டளை, புதிதாகப் பிரிவிடும் கட்டளை யாவும் சாம்பல் நிறத்தில் உறங்கின. 'ஜிபிரி பாதுகாப்புப் பிரிவு' என்றொரு வாசகம் மட்டும் தெரிந்தது. வடத்தை மாற்றினான், வேறு துளையில் செருகினான், பயனில்லை.

"மூண்டெண்டு சொல்லி முக்காலைத் தந்திட்டான் தம்பி. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றார் மாஸ்ரர்.

மருமகன் பதில் சொல்லாமல் ஒரு கட்டளைச் சாளரத்தைத் திறந்தான். தட்டொன்றை முற்றாகத் துடைத்துவிடும் கட்டளை ஒன்று உண்டு. தட்டின் இலக்கத்தைத் தெரிவுசெய்து ஒரு சொல்லை எழுதினால் போதும். உறுதியா என்று அது மறுமுறை கேட்பதில்லை. பூச்சியம் பழைய தட்டு, ஒன்று புதிய தட்டு. விரல் விசைமீது இருந்தபோது, அருகிலிருந்த மாஸ்ரர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறு. இலக்கம் பிழைச்சால் என்ன நடக்கும்?"

"பழசு அழிஞ்சிடும், மாமா."

"அப்ப பழசைக் கழற்றி வைச்சிட்டுச் செய்."

"அதைக் கழற்றினால் பெட்டி எழும்பாது."

"அப்ப இண்டைக்கு வேண்டாம்."

அந்த வேளையிலேயே மின்சாரமும் நின்றது. அந்த மார்ச் மாதத்தில் நாட்டின் மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, 31 ஆம் திகதி பதின்மூன்று மணித்தியாலத்தை எட்டிற்று. அன்றிரவு அரிக்கன் விளக்கின் முன்னே, கடைக்காரர் ஏமாற்றினாரா என்ற வழக்கை மருமகன் கடதாசியிலே கணக்கிட்டு விசாரித்தான்.

வன்தட்டு தகவலை ஆரைச்சிறைகளாகப் பகுத்து வைக்கிறது. ஒவ்வொன்றும் 512 பைற். ஒவ்வோர் ஆரைச்சிறைக்கும் வரிசை இலக்கம் உண்டு. தட்டின் எப்பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதைத் தட்டின் முதலாவது ஆரைச்சிறையில் ஓர் அட்டவணையாக எழுதும் முறையை, 1983 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் பிசி டொஸ் 2.0 புகுத்தியது. (அவ்வாண்டு என்றதும் ஈழத்தமிழர் மனத்தில் எழுவது வேறு, ஆனால் உலகில் அதே ஆண்டில் இத்தகைய காரியங்களும் நடந்துகொண்டிருந்தன.) இலக்கத்தை எழுத அவ்வட்டவணையில் விடப்பட்ட இடம் 32 பிற்று. அதாவது 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் ஆரைச்சிறைகளுக்கு மேல் எண்ண இயலாது. அதனை 512 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 2.2 ரெராபைற். அந்நாளில் இக்கணனிகளுடன் விற்கப்பட்ட வன்தட்டின் கொள்ளளவு 10 மெகாபைற். அவ்வெல்லை ஒருநாள் எட்டப்படும் என அஞ்சியவர் இருந்திருப்பின் அவரைப் பித்தர் என்றிருப்பர். 528 மெகாபைற்றிலும் 8.4 கிகாபைற்றிலும் 137 கிகாபைற்றிலும் இதுபோன்ற வேறு மதில்களிற் கணனிகள் முன்னரே முட்டிக்கொண்டன. 2010 இல் 3 ரெராபைற் தட்டு சந்தைக்கு வந்தபோது இம்மதிலிலும் முட்டின.

மாஸ்ரருக்கு விளங்கும்படி அவன் அவருடைய பதிவேட்டையே உவமையாக எடுத்தான். குடும்ப இலக்கம் எழுத அதில் நான்கு கட்டங்கள் உள்ளன. 13,645 குடும்பங்கள் வந்துவிட்டால்? முன்னிருக்கும் ஒன்றுக்கு இடமில்லை. 3,645 என்றே விழும். அவ்வாறே 3 ரெராபைற் தட்டிலுள்ள 586 கோடிச் சொச்சம் ஆரைச்சிறைகளிலிருந்து 429 கோடிச் சொச்சம் மறைந்துபோக, மீதி 156 கோடியே 55 இலட்சத்துச் சொச்சத்தையே பழைய பெட்டி கண்டது. 512 ஆற் பெருக்கினால் 801 கிகாபைற். கடைக்காரர் குற்றமற்றவர்.

"அப்ப சாமான் முழுசாத்தான் கிடக்கு, எண்ணுறவனுக்குத்தான் எண்ணத் தெரியேல்லை" என்றார் மாஸ்ரர்.

பாதுகாப்புப் பிரிவு என்ற வாசகத்தின் பொருளும் அப்போதுதான் துலங்கிற்று. இலக்கமிட 64 பிற்று இடமுள்ள ஜிபிரி என்னும் புதிய அட்டவணை முறையைக் கடைக்காரரின் கணனி அத்தட்டில் எழுதிவிட்டிருந்தது. அம்முறையை வகுத்தோர், அதனை அறியாத பழைய கணனிகள் தட்டை வெறுமையானது எனக் கருதி மேலெழுதிவிடக்கூடும் என எண்ணி, முதலாவது ஆரைச்சிறையில் பழைய மொழியிலேயே ஒரு காவற் குறிப்பை வைத்தனர்: இவ்விடம் முழுவதும் ஒருவருக்குரியது, தொடாதே. 32 பிற்று எக்ஸ்பி அக்குறிப்பை மட்டும் வாசித்துக் கைகட்டி நின்றது. ஆக, போமற் ஆக மறுத்த தட்டு உண்மையில் ஏற்கெனவே போமற் ஆகியிருந்தது. மாலை முழுவதும் அதனோடு மல்லாடியது வீண்.

மறுநாள் அவன் கிளிநொச்சிக்குச் சைக்கிளிற் சென்று, நண்பனிடமிருந்து லினக்ஸ் இறுவட்டொன்றைப் பெற்று வந்தான். இறுவட்டிலிருந்தே கணனி எழும்பும். பழைய தட்டின் விண்டோஸ் தேவையில்லை. மாஸ்ரர் விரும்பியவாறே முதலிற் பழையது கழற்றிவைக்கப்பட்டது. லினக்ஸ் பயோஸ் கூறும் அளவை நம்பியிராமல் தட்டையே நேரில் வினவும் இயல்புடையது. ஆதலின் 3 ரெராபைற்றும் தெரிந்தன, எழுதவும் முடிந்தது. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அதன்பின்னரே பழைய தட்டு, வாசிப்பதற்கு மட்டும் உரியதாக, மீளப் பூட்டப்பட்டது.

நோயுற்ற தட்டிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்தல் ஆபத்து. பழுதான இடத்தில் தட்டு மீண்டும் மீண்டும் முயன்று முயன்றே இறந்துவிடும். 'டிடிரெஸ்கியூ' என்னும் மென்பொருள் வேறு வகையாக நடக்கிறது. நல்ல இடங்களை முதலில் விரைந்து படியெடுத்து, இடறும் இடங்களைத் தாவிச்சென்று, அவற்றுக்குப் பின்னர் திரும்பி வருகிறது. எவ்விடம் முடிந்தது, எவ்விடம் எஞ்சியது என்ற குறிப்பை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போவதனால், இடையில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வன்னியின் மின்வெட்டுக்கென்றே ஆக்கியது போன்ற மென்பொருள்! மின்சாரம் வரும்வேளை பார்த்து நான்கு தவணைகளில் வேலை நடந்தது. ஒரு தவணை நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு. மாஸ்ரர் வாங்கிலே படுத்திருந்து, சத்தம் நின்றுவிட்டதா என ஒவ்வொரு நாழிகையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை, சில நூறு ஆரைச்சிறைகள் தவிர யாவும் வந்து சேர்ந்தன. குடும்பப் பதிவு முழுதாக இருந்தது. பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவியதும் ஆங்கிலக் குப்பைபோல் தோன்றிய பெயர்கள் தமிழாயின. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றவேண்டிய பணி இன்னும் எஞ்சியிருந்தது. இரண்டாவது பிரதியை ஊருக்கு வெளியே ஓரிடத்தில் வைப்பதும். இவ்விரண்டுக்கும் மாஸ்ரர் தம் கொப்பியில் திகதி இட்டார்.

பழுது விழுந்த இடங்கள் சில படங்கள்மேல் இருந்தன. அவற்றுள் ஒன்று, கிழக்குப் பக்கத்து வளவில் வாழும் தாயொருவரின் மகனது படம். 2009 இன்பின் அவனைப்பற்றிய செய்தி இல்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அப்படத்தின் பிரதியொன்றை அவர் வெயிலிலே ஏந்தியிருந்ததால் அது வெளிறிவிட்டது. அதை ஸ்கான் செய்ய அனுப்பிய உறவினரும் இறந்துபோனார். புதிய பிரதி கேட்டு அந்த வாரமே அவர் நிலையத்துக்கு வந்தார்.

மருமகன் தயங்கியபடியே படத்தைத் திறந்தான். நெற்றியும் கண்களும் வாயும் தெளிவாக இருந்தன. கழுத்துக்குக் கீழே படம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

"கீழ்ப்பக்கம் பழுதாப் போச்சுது அம்மா. சேட்டு நிறம் தெரியாது" என்றான்.

அவர் திரைக்கு அருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"பறவாயில்லைத் தம்பி. அந்தச் சேட்டு நான்தான் எடுத்துக் குடுத்தனான். இளம்பச்சை" என்றார்.