வரவுப் பாட்டும் வராத வேடமும்

2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஓரிரவு, வங்காலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியை முன்வைத்துக்கொண்டு, அசைவற்ற ஒரு சிறு படத்தைப் பார்த்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தேன். இசைப்பதிவு மென்பொருள் ஒன்று திறக்கத் தொடங்கும்போது காட்டும் முகப்புப் படம் அது. அதன் அடியில், பிளக்-இன்கள் தேடப்படுகின்றன என்று பொருள்பட ஒரு வரி. அவ்வரி தோன்றிய பின்னர் மென்பொருள் முன்னே செல்லவுமில்லை, தன்னை மூடிக்கொள்ளவுமில்லை. அதற்கு இரண்டாம் நாள் என் அம்மப்பாவின் முப்பத்தோராம் நாள். புனித அன்னாள் ஆலயத்தில் திருப்பலி முடிந்து உறவினர் வீட்டுக்கு வரும்போது அவருடைய குரலைக் கேட்கச் செய்வேன் என்று எல்லோருக்கும் வாக்களித்திருந்தேன். அக்குரல் அந்தப் படத்துக்கு அப்பால் எங்கோ அகப்பட்டுக் கிடந்தது.

அம்மப்பா கடற்றொழிலாளி, கூத்துப் பாடகர். மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்கக் கூத்து மரபைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இப்பகுதியின் நாடகங்களைத் தேடிப் பதிப்பித்தார் என்பதையும், மூவிராசர் நாடகம் அவற்றுள் ஒன்று என்பதையும் தமிழ் பயில்வோர் அறிவர். ஆயினும் அச்சேறியது பாட்டின் சொல் மட்டுமே. அச்சொல்லை எவ்விடத்தில் இழுப்பது, எவ்விடத்தில் மூச்சை விடுவது, எவ்விடத்தில் குரலை உடைப்பது என்பன அச்சேறுவனவல்ல. அவை அம்மப்பாவைப் போன்றோரின் தொண்டையிலே வாழ்ந்தன. இளவயதில் மூவிராசருள் ஒருவராக அவர் வேடமிட்டதுண்டு. "எந்த ராசா, அம்மப்பா?" என்று கேட்டால், "மூண்டாவது ராசா, தம்பி. கடைசியா வாறவர்" என்பார்.

2023ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையில் அவரைப் பாடச்செய்து ஒலிப்பதிவு செய்தேன். இரவல் ஒலிவாங்கி, நான்கு பிற்பகல்கள், ஏறத்தாழ மூன்று மணி நேரப் பதிவு. அது வாடைக்காற்று வீசும் காலம். கூரைத் தகரம் இடையறாது முனகியது. காகங்கள், மின்விசிறி, ஒழுங்கையால் செல்லும் மோட்டார் சைக்கிள்கள் யாவும் அவருடன் கூடவே பாடின. இவற்றை நீக்கி அவர் குரலை மட்டும் தூய்மையாக எடுத்துவைக்க வேண்டும் என்பதே என் பேராசையாயிற்று. பல்கலைக்கழக விடுதிக்குத் திரும்பிய பின்னர் இரவிரவாக அவ்வேலையில் ஈடுபட்டேன்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காது கூறிவிடுகின்றேன். இரைச்சலை நீக்கும் தரமான பிளக்-இன் ஒன்றின் விலை, என் மாதாந்த மகாபொல உதவுதொகையைப் பன்மடங்கு விஞ்சுவது. ஆதலின் விடுதி நண்பர் ஒருவரின் பென் டிரைவிலிருந்து அதனையும், அதனோடு கிடந்த வேறு பலவற்றையும் அள்ளிக்கொண்டேன். உரிமம் எதுவும் இல்லை. பூட்டு உடைக்கப்பட்ட பிரதிகள். பெரும்பாலானவற்றை நான் ஒருமுறையேனும் திறந்து பார்த்ததில்லை. நூலகத்திலிருந்து வாசிக்காத நூல்களைச் சுமந்து வந்து மேசையில் அடுக்கும் மாணவனின் மனநிலை என்று இதனைக் கூறலாம். நூல்களையாவது பின்னர் திருப்பிக் கொடுத்துவிடுகின்றோம்.

பிளக்-இன் என்பதை அறியாதோர்க்குச் சில சொற்கள். முன்னாளில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் எதிரொலி சேர்ப்பதற்கு ஒரு பெட்டி, ஓசையைச் சீர்செய்வதற்கு இன்னொரு பெட்டி எனத் தனித்தனிக் கருவிகள் இருந்தன. அவற்றின் வேலையைக் கணினிக்குள் செய்யும் சிறு நிரல்களே இவை. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1996இல் வி.எஸ்.டி. என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. அதன்பின் ஒருவர் ஆக்கிய மென்பொருளுள் வேறொருவர் ஆக்கிய பெட்டியைச் செருகுவது எளிதாயிற்று. அதே முறையின் மூன்றாம் வடிவம் 2008இல் வந்தது. பிளக்-இன் தனியே இயங்காது. தாய் மென்பொருளின் வீட்டுக்குள் விருந்தாளியாக வந்தே இயங்கும். ஆதலால் தாய் மென்பொருள் திறக்கும்போது, குறித்த கோப்புறைகளில் உள்ள விருந்தாளிகளைத் தேடி, அதுவரை அறியாத ஒவ்வொருவரையும் உள்ளே அழைத்து, "நீர் யார்? உமது பெயர் என்ன? எத்தனை வழிகளால் ஒலியை வாங்குவீர்?" என்று விசாரிக்கின்றது. ஒருவர் மறுமொழி கூறிய பின்னரே அடுத்தவரை அழைக்கும். மறுமொழி வராவிடின்? காத்திருக்கும். அவ்விரவில் நான் கண்டது அந்தக் காத்திருப்பைத்தான்.

ஆனால் அன்று எனக்கு இது விளங்கவில்லை. முதலில் வெப்பத்தின் மேல் பழியைப் போட்டேன். கணினியை அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் திறந்தேன். அதே படம். மென்பொருளையே நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினேன். ஒரு மணி நேரம் அதிற் போயிற்று. அதே படம். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினும் வாசலில் நிற்கும் விருந்தாளி அதே ஆள்தானே! மென்பொருளை நீக்கும்போது பிளக்-இன் கோப்புகள் நீங்குவதில்லை என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. (மென்பொருளின் பெயரை நான் குறிப்பிடாமைக்குக் காரணம் உண்டு. குற்றம் அதனுடையதன்று.)

அம்மம்மா அருகே வந்து அமர்ந்தார். அவருக்குக் கணினி தெரியாது. காத்திருத்தல் நன்கு தெரியும். கடலுக்குப் போனவரை எதிர்பார்த்து அரை நூற்றாண்டு இருந்தவர். "என்ன தம்பி, அவர் பாட மாட்டன் எண்டிறாரோ?" என்றார். பெயர் கூப்பிட்டு யாரோ மறுமொழி சொல்லாதிருப்பதாக எனக்கு விளங்கிய அளவில் கூறினேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப ஆரோ ஒருத்தர் இன்னும் வேசங்கட்டி முடிக்கேல்லை" என்றார்.

அச்சொல் அம்மப்பாவின் கதையொன்றை நினைவூட்டியது. கூத்திலே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவுப் பாட்டு உண்டு. அது தொடங்கினால் உரியவர் மேடைக்கு வந்தாக வேண்டும். ஒருமுறை மூன்றாவது ராசாவின், அதாவது அம்மப்பாவின், முடி கொட்டகைக்குள் உடைந்துபோயிற்று. வரவு தொடங்கிவிட்டது, ஆளைக் காணவில்லை. அண்ணாவியார் கலங்கவில்லை. பாட்டை மீண்டும் முதலடிக்குக் கொண்டுபோய், ஏற்கனவே மேடையில் நின்ற இரு ராசாக்களையும் இன்னொரு சுற்று ஆடவிட்டார். முடியை நூலால் கட்டிக்கொண்டு அம்மப்பா வந்து சேரும்வரை சபையோரில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. மேடை நிற்கவில்லை என்பதே அக்கதையில் அவருக்குப் பெருமை. முடி உடைந்தது யாருடைய கவனக்குறைவால் என்பதை அவர் சொன்னதில்லை.

என் மென்பொருளுக்கு அத்தகைய அண்ணாவியார் இல்லை. விருந்தாளி அதன் சொந்த வீட்டுக்குள்ளேயே அழைக்கப்படுவதால், அவர் வாய் திறவாதிருக்கும்வரை வீட்டுக்காரரும் அசைய முடியாது. இக்குறையை உணர்ந்தோர் வழி கண்டுள்ளனர். விசாரணையைப் புறம்பானதொரு செயன்முறையாக வெளியே நடத்தி, ஒருவர் மறுமொழி தராவிடின் அவரை விலக்கிவிட்டு மேலே செல்லும் மென்பொருள்கள் இன்று உள. 2014இல் வெளிவந்த பிட்விக் ஸ்ருடியோ, பிளக்-இன்களை இயக்கும்போதும் தன்னிலிருந்து பிரித்தே வைத்திருக்கின்றது. ஒன்று விழுந்தாலும் தாய் மென்பொருள் விழாது.

விருந்தாளி ஏன் வாய் திறவாதிருக்கின்றார் என்பதற்குக் காரணங்கள் பல. தான் வேண்டும் துணை நிரலொன்று கணினியில் இல்லாதிருக்கலாம். கழற்றி வைக்கப்பட்ட வட்டொன்றில் தன் ஓசைக் களஞ்சியத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். உரிமம் கேட்கும் சிறு சாளரமொன்றைத் திறந்துவிட்டு நம் விடைக்காகக் காத்திருக்கலாம். அச்சாளரமோ முகப்புப் படத்தின் பின்னே மறைந்து கிடக்கும். ஒருவரையொருவர் காணாது இருபுறமும் காத்திருக்கும் இக்கடைசி நிலைதான் எல்லாவற்றிலும் பரிதாபமானது.

விடுதி நண்பரைத் தொலைபேசியில் எழுப்பினேன். அவர் கூறிய வழி எளியது. பிளக்-இன் கோப்புகள் அனைத்தையும் வேறிடத்துக்கு அகற்றி வை. மென்பொருள் திறந்தால் குற்றவாளி அவற்றுள் இருக்கிறார். பின்னர் பாதியைத் திருப்பி வை. திறந்தால் மற்றப் பாதியிலும், உறைந்தால் இப்பாதியிலும் அவர் இருக்கிறார். அந்தப் பாதியையும் பாதியாக்கு. அவ்வாறே செய்தேன், கோப்புறையை வெறுமையாக்கினேன். மென்பொருள் மீண்டும் உறைந்தது! பிளக்-இன்கள் குற்றமற்றவை என்று தீர்ப்பளித்து, நள்ளிரவுக்குப் பின் மனமுடைந்து படுத்தேன்.

தீர்ப்பு தவறு. நான் வெறுமையாக்கியது பழைய வடிவத்துக்குரிய கோப்புறையை. மூன்றாம் வடிவத்தைச் சேர்ந்தவை விண்டோஸ் கணினியில், பல நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகளின் இடத்தில், தமக்கெனத் தனிக் கோப்புறையில் வாழ்கின்றன. விடியற்காலையில் ஆலய மணியோசை கேட்டு எழுந்தபோது இது நினைவுக்கு வந்தது. அங்கே 37 கோப்புகள் இருந்தன. அனைத்தையும் அகற்றினேன். முகப்புப் படம் தோன்றி, சற்றே தயங்கி, மறைந்தது. மென்பொருள் திறந்தது. கூவிவிட்டேன் போலும், அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார்.

எஞ்சியது கணக்கு. 18ஐ வைத்தேன், திறந்தது. மற்ற 19இல் 9ஐ வைத்தேன், உறைந்தது. அவ்வொன்பதில் 4, திறந்தது. எஞ்சிய ஐந்தில் 2; உறைந்தது. அவ்விரண்டில் ஒன்றை மட்டும் வைத்தேன், திறந்தது. மற்றது யார் என்று பார்த்தேன். அம்மப்பாவின் குரலைத் தூய்மையாக்கவென்று நான் கொண்டுவந்த அதே இரைச்சல் நீக்கி.

எட்டு மாதங்கள் ஒழுங்காக இருந்தது அன்று ஏன் முரண்டு பிடித்தது? விடுதியறையில் என் கணினிக்கு இணையம் இருப்பதில்லை. வீட்டிலோ கைத்தொலைபேசியின் வழியாக இணைத்திருந்தேன். விறாந்தையில் அலைவரிசை வருவதும் போவதுமாக இருக்கும். உரிமத்தைச் சரிபார்ப்பதற்காக அந்த பிளக்-இன் எங்கோ தொலைவிலுள்ள தன் எசமானை அழைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இணைப்பே இல்லாதபோது அழைப்பை உடனே கைவிட்டது. அரைகுறையாக இருந்தபோது விடைக்காக நின்றுகொண்டேயிருந்தது. தொலைபேசியை அணைத்துவிட்டு அதனைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மென்பொருள் திறந்தது. ஆக, பூட்டை உடைத்துக் கொண்டுவந்த பொருள் தன் வீட்டாரைக் கூப்பிட்ட இடத்தில்தான் நான் அகப்பட்டேன்.

இதனையெல்லாம் ஒருவித வெற்றிக் களிப்புடன் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி. ஐயா பாடினதை அந்தப் பெட்டிக்குள்ளாலதான் கேக்க வேணுமோ? தனிய எடுக்க ஏலாதோ?" என்றார்.

விடை கூற எனக்கு நாணமாக இருந்தது. மூலப் பதிவுகள் சாதாரண ஒலிக் கோப்புகளாக, மென்பொருளுக்கு வெளியே, என் கோப்புறையொன்றில் முழுமையாக இருந்தன. எந்த ஒலிபரப்பியாலும், கைத்தொலைபேசியாலுங்கூட, அவற்றைக் கேட்டிருக்கலாம். முகப்புப் படத்தின் பின்னே அகப்பட்டிருந்தது அம்மப்பாவின் குரலன்று. அக்குரலுக்கு நான் செய்த ஒப்பனை மட்டுமே. எட்டு மாதங்களாக ஒப்பனை செய்யப்பட்டதையே கேட்டுவந்ததால், அதற்கடியில் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

மூலத்தைத் திறந்தோம். காற்று, தகரம், காகம். அவற்றினூடே அம்மப்பா தொண்டையைச் செருமிக்கொள்கின்றார். வாங்குப் பலகையில் விரலால் தாளம் போடுகின்றார். நான் தூய்மையாக்கிய பதிவில் இந்தத் தாளம் இல்லை. பாட்டின் அடிகளுக்கிடையே வெறும் மௌனம் இருந்தது. தாழ்ந்த ஓசைகளையெல்லாம் இரைச்சலெனக் கொண்டு அது வாரிச் சென்றிருக்கின்றது. அடியின் ஈற்றில் அவர் குரலை மெல்ல இறக்கி மூச்சோடு கலக்கும் இடமும் அவ்வாறே அரிந்து எறியப்பட்டிருந்தது. அச்சில் ஏறாதவற்றைக் காப்பதற்காகவே பதிவுசெய்தேன் என்று மேலே எழுதினேன். அவற்றுள் பாதியை என் கையாலேயே நீக்கியிருந்தேன்.

முப்பத்தோராம் நாளன்று எவ்வித மாற்றமுமின்றி மூலப் பதிவையே கேட்பித்தேன். விறாந்தையிலும் முற்றத்திலுமாக உறவினர் அமர்ந்திருந்தனர். முதியவர் ஒருவர், அம்மப்பாவுடன் கூத்தாடியவர், கதிரையின் கைப்பிடியில் விரலால் தட்டத் தொடங்கினார். மூன்றாவது ராசாவின் வரவு பாதியில் இருக்கும்போது, பதிவின் பின்னணியில், தொலைவிலிருந்து அம்மம்மாவின் குரல் கேட்டது: "தேத்தண்ணி ஆறுது!" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் திகைத்தேன், எட்டு மாதங்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் இக்குரலை நான் அறிந்திருக்கவில்லை.

அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவ்விடத்தை இன்னொருமுறை போடச் சொன்னார். போட்டேன். பின்னர் பக்கத்திலிருந்த தங்கையின் பக்கம் திரும்பி, "அண்டைக்கு அவர் அதைக் குடிக்கேல்லை. ஆறிப்போச்செண்டு நான்தான் குடிச்சனான்" என்றார்.