கயிற்றால் தைத்த வள்ளம்

ஆலப்புழைப் படகுவீடுகளில் எஞ்சின் பழுதுபார்க்கும் நாகர்கோவில் நண்பர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். கயிற்றால் தைத்த பழைய கெட்டுவள்ளம் ஒன்றைக் கரையேற்றித் தையலைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், இதெல்லாம் அடிக்கடி காணக் கிடைக்காது என்றார்.

புன்னமடைக் காயலையொட்டிய ஒரு வாய்க்கால் கரை. தென்னைகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மூங்கில் கூரையும் குளிரூட்டிய படுக்கையறையும் கழன்றுபோய், அரிசி மூட்டை சுமந்த நாளின் உருவத்துக்கே அது திரும்பியிருந்தது. 100 அடி நீளம்வரை உள்ள இந்த வள்ளங்கள் 30 டன் வரை ஏற்றின. குட்டநாட்டு நெல்லும் கொப்பரையும் கயிறும் இவற்றில்தான் போயின.

18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் துறைமுகம் அமைத்து வாய்க்கால்கள் வெட்டிய ஊர் ஆலப்புழை. காயலில் வந்த சரக்கு வாய்க்கால் வழியே கடலுக்குப் போகும். 1862இல் கட்டிய கடல்பாலத்தின் இரும்புத் தூண்கள் இப்போதும் கடற்கரையில் துருப்பிடித்து நிற்கின்றன. 1928இல் கொச்சித் துறைமுகத்தின் புதிய கால்வாய்க்குள் கப்பல் நுழைந்தபின் வியாபாரம் அங்கே நகர்ந்தது. மிச்சத்தை லாரி எடுத்துக்கொண்டது. 1990களில் சுற்றுலாக்காரர்கள் வந்து படகுவீடுகளாக மாறியிராவிட்டால் வள்ளங்கள் விறகாகியிருக்கும்.

வள்ளத்தில் பெரும்பாலும் ஆஞ்சிலிப் பலகை. நாஞ்சில் பக்கத்தில் இதை அயினி என்பார்கள். பலகையோடு பலகை சேரும் விளிம்பில் வரிசையாகத் துளை. மூட்டின்மேல் தேங்காய் நாரைத் திரித்து வைத்து, அதை அமுக்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு ஓடுகிறது. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளிருப்பவர் கயிற்று முனையைத் தள்ள, வெளியே இருப்பவர் வாங்கி, முழங்கை நீளக் கட்டையில் சுற்றி, காலைப் பலகையில் ஊன்றி நெம்புகிறார். கயிறு முனகுகிறது. துளைபோட மின்சார டிரில் வந்துவிட்டது. அந்தக் கட்டைக்கு மட்டும் மாற்று வரவில்லை. ஆணி கிடையாது; உப்புநீரில் அது துருப்பிடிக்கும். நனைந்த நாரோ உப்பி இடைவெளியை அடைக்கும். தைத்து முடிந்ததும் முந்திரித்தோட்டு எண்ணெய் காய்ச்சிப் பூசுகிறார்கள். அந்த நெடியில் நான் நகர்ந்துவிட்டேன்.

கட்டையைப் பிடித்திருந்தவருக்கு எழுபது வயதிருக்கும். ஆலும்கடவு என்ற ஊரின் ஆசாரிக் குடும்பம். "சேட்டா, எத்தனை வயசில ஆரம்பிச்சீங்க?" என்றேன். "பன்னெண்டு வயசில நார் திரிக்க உட்காந்தேன் சாரே. கயிறைப் பிடிக்க அப்பன் விட்டது மீசை வந்தப்புறம்தான்." சரக்கு வள்ளங்கள் ஓய்ந்தபோது ஷார்ஜாவுக்குப் போய், கான்கிரீட் போடப் பலகை அடித்திருக்கிறார். "அங்க மொத்தமும் ஆணி. கைக்கு வேலையே இல்ல." படகுவீட்டுக் காலம் வந்ததும் திரும்பினார். மகன் படகுவீட்டில் சமையல்காரர். டிப்ஸையும் சேர்த்தால் அப்பாவைவிடக் கூடுதல் வருமானம். அவன் இந்தத் தொழிலுக்கு வராதது நல்லது என்கிறார். குரலில் வருத்தம் ஏதுமில்லை.

எனக்குத்தான் கோபம். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஓர் இரவு வாடகை தாறுமாறாக ஏறுகிறது. பேருந்து நிலையத்திலிருந்தே நம் பையைப் பிடித்து இழுக்கும் தரகருக்கு அதில் பங்கு, இணையத்தில் அறை விற்கிறவருக்குப் பங்கு. விளம்பரப் படத்தில் மின்னுவது இவர் தைத்த வளைவு. இவருக்கோ மொத்தக் குத்தகை எடுத்த ஒப்பந்தக்காரர் கிள்ளித் தரும் கூலி மட்டும். அதுவும் வேலை முடிந்து மாதக்கணக்கில் கழித்து. வாடகை ஏறுகிற மாதத்தில் இந்தக் கூலி ஏறியதில்லை. கயிறு விலை ஏறினால் மட்டும் அதைச் சொல்லிக் குறைப்பார்களாம். பாரம்பரியம் என்ற சொல்லை விற்றுக் காசாக்குகிறவர்கள், அந்தப் பாரம்பரியத்தின் கைகளுக்கு உரிய காலத்தில் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதன் விளைவு தண்ணீரிலேயே மிதக்கிறது. நேரு கோப்பைப் படகுப் போட்டி முடியும் ஃபினிஷிங் பாயின்ட் கரையில் படகுவீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் அடியில் இப்போது கயிறே கிடையாது. இரும்புத் தகடு, அல்லது மரத்தின்மேல் ஒட்டிய ஃபைபர். மேலே மட்டும் பழைய மூங்கில் வளைவு. ஆசாரி இதைக் குறை சொல்லவில்லை. "இரும்பு நல்லதுதான் சாரே. ஆனா அதைக் கெட்டுவள்ளம்னு சொல்லிக் காசு வாங்கக் கூடாது."

ஆலப்புழைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பணம் கொடுக்குமுன் கேளுங்கள்: இது தைத்த வள்ளமா, கடைசியாக எப்போது தைத்தீர்கள், யார் தைத்தார்கள்? பதில் தெரியாதவரிடம் வாடகையைக் குறைத்துப் பேசுங்கள். ஆசாரியின் பெயரைச் சொல்கிறவரிடம் பேரம் வேண்டாம்.