வளை கழன்றால்...

பழைய இலக்கியத்தில் கதாநாயகியின் கை வளை கழன்று விழுந்தால், தோழி உடனே காரணத்தைக் கண்டுபிடித்து விடுவாள்: தலைவன் ஊரில் இல்லை! நம் வீடுகளில் வளையல் கழல்வதற்கு வேறு காரணங்களும் உண்டு, சகோதரிகளே. வீட்டில் ஒருவர் புற்று நோய்க்குச் சிகிச்சை பெற்று வரும்போது, வளையல் முழங்கை வரை ஏறினாலோ, மோதிரத்துக்கு நூல் சுற்ற வேண்டி வந்தாலோ, ரவிக்கை தோளில் நழுவினாலோ, "வியாதி என்றால் இளைக்கத்தானே செய்யும்?" என்று இருந்து விடாதீர்கள்.

தாம்பரம் பக்கத்து மனிதர்களுக்கு இளைப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷனைத் தினமும் கடந்து போகிறோம் அல்லவா? டாக்டர் சௌரி முத்து 1928-ல் அங்கே நிறுவிய க்ஷயரோக ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. 'க்ஷயம்' என்றாலே தேய்வு. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துள்ள ஆகாரமும்தான் சிகிச்சை. க்ஷயத்துக்கு இன்று மாத்திரை இருக்கிறது. புற்று நோயிலும் அதே போல ஒரு தேய்வு உண்டு. அதை முழுதாகத் தீர்க்கும் மாத்திரை இன்னும் வரவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் புற்று நோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அன்றைக்கும் இன்றைக்கும் இடையே சிகிச்சை வெகு தூரம் முன்னேறி விட்டது. ஆனால், அந்தச் சிகிச்சையைத் தாங்க தேகத்தில் தெம்பு வேண்டுமே!

இந்த இளைப்பு வெறும் பட்டினியால் வருவதல்ல. நல்ல தேகம் பட்டினி கிடந்தால், பெரும்பாலும் கொழுப்பைச் செலவழித்துச் சதையைக் காப்பாற்றிக் கொள்ளும். புற்று நோயோ பசியையும் கெடுத்து, சதையையும் கரைக்கிறது. போதாக்குறைக்குச் சிகிச்சையினால் வாய்ப்புண், குமட்டல், நாக்கில் ருசி மாறுதல். நிபுணர்கள் 2011-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: தானாகவே ஆறு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் அபாய அறிவிப்பு. அறுபது கிலோ ஆசாமிக்கு அது மூன்றே கிலோ! ஏற்கனவே ஒல்லியானவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கே போதும்.

பருமனானவர்களைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். கொழுப்புக்கும் கால் வீக்கத்துக்கும் பின்னால் சதை கரைவது ஒளிந்திருக்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்று கவனியுங்கள்.

குரோம்பேட்டையில் இருக்கும் என் சித்திக்குத் தொண்டையில் புற்று நோய் என்று தெரிந்து, ஏழு வாரம் கதிர் சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியோடு ஆளுக்கொரு பத்தியத்தையும் கொண்டு வந்தார்கள். "சர்க்கரை கூடவே கூடாது, கட்டி வளரும்" என்றார் ஒருவர். "பால் ஆகாது" என்றார் இன்னொருவர். "முட்டை சூடு" என்றார் மூன்றாமவர். கடைசியில் சித்தியின் தட்டில் மிஞ்சியது குழைந்த ரசம் சாதம். அதுவும் நாலு வாய்.

கதிர் படும்போது தலை அசையாமலிருக்க, முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்வார்கள். நான்காவது வாரத்தில் சித்தியின் முகமூடி தளர்ந்து ஆடியது. முகமே சிறுத்து விட்டது! மறுபடியும் அளவெடுத்து வேறு செய்ய வேண்டி வந்தது. "இன்னும் இளைத்தால் சிகிச்சையை நடுவில் நிறுத்த நேரிடலாம்" என்றார் டாக்டர். சித்தப்பாவின் முகம் வெளுத்துப் போயிற்று.

அங்கிருந்த உணவு ஆலோசகர் அம்மாள் பத்தியங்களை ஒரேயடியாகத் தள்ளி விட்டார். "நீங்கள் சாப்பிடாவிட்டால் கட்டி பட்டினி கிடக்காது அம்மா, நீங்கள்தான் கிடப்பீர்கள்" என்றார். பிறகு கணக்கு: எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை, தினமும் புரதம் வேண்டும். ஐம்பது கிலோ எடைக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு தம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு. தெளிந்த ரசத்தில் தேடினால் கிடைக்காது!

மூன்று வேளைச் சாப்பாடு ஆறு வேளையாயிற்று. அரிசிக் கஞ்சியில் பாசிப்பருப்பும் பால் பவுடரும் நெய்யும் சேர்ந்தன. வாய்ப்புண்ணுக்காக மிளகாயும் புளியும் விடை பெற்றன. பாலில் ஊறிய இட்லி, நன்றாக வேக வைத்து மசித்த முட்டை, எல்லாம் வெதுவெதுப்பாக. தாளிக்கும் வாசனை குமட்டியதால், சமைக்கும் நேரத்தில் சித்தி வாசல் பக்கம் போய் உட்காருவாள். சாயந்திரம் பத்து நிமிஷம் நடை, பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. வேலை கொடுக்காவிட்டால் சதை தேறாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் எடை பார்த்து, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்தோம். எடை ஏறவில்லை, ஆனால் இறங்குவது நின்றது. ஏழு வாரச் சிகிச்சையும் முடிந்தது.

நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே ஆகாரத்தை மாற்ற வேண்டும். விழுங்கவே முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் வைப்பார்கள். அதைக் கண்டு அழாதீர்கள். அது முடிவின் அடையாளம் அல்ல. ஆகாரம் போக இன்னொரு வாசல்.

நோய் மிகவும் முற்றிய நிலையில், எவ்வளவு ஊட்டினாலும் சதை பிடிக்காது என்பதும் உண்மை. அப்போது "எனக்காக ஒரு வாய்" என்று கெஞ்சுவது அவர்களுக்குத் தண்டனை. கேட்டதை, கேட்ட அளவு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அது போதும்.

ஆனால் அந்த நிலைக்கு வராதவர்கள்தாம் எத்தனை பேர்! அடுத்த முறை அப்படி ஒருவரைப் பார்க்கப் போகும்போது, புதுப் பத்தியம் எதையும் கொண்டு போகாதீர்கள். "ஐயோ, இளைத்து விட்டீர்களே!" என்று கையைப் பிசையவும் வேண்டாம். "போன மாதம் எடை எவ்வளவு? இந்த மாதம் எவ்வளவு? டாக்டரிடம் சொன்னீர்களா?" என்று கேளுங்கள். சாத்துக்குடியை விட அந்தக் கேள்விகளுக்குச் சத்து அதிகம்.