ஃபைட்டர் கேட்டுத்தான் செய்யணுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் 17ஆம் லெவலுக்கு வந்துசேரும் விசார்டுக்கு ‘விஷ்’ என்ற ஸ்பெல் கிடைக்கும். பெயரே சொல்வதுபோல, வேண்டியதைச் சொன்னால் உலகம் வளைந்து கொடுக்கும். அதே 17ஆம் லெவலுக்கு அதே பாடுபட்டு வந்துசேரும் ஃபைட்டருக்கு என்ன கிடைக்கும்? ஒரு ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவே ஒருமுறை மட்டும் செய்ய முடிந்த ‘ஆக்‌ஷன் சர்ஜ்’ இனி இரண்டு முறை. அதாவது கூடுதலாக இன்னொரு தடவை வேகமாக வெட்டலாம். கூடவே, தவறிப்போன சேவிங் த்ரோவைத் திரும்ப உருட்ட ஒரு வாய்ப்பு அதிகம். பல வருடங்களாக ஃபைட்டர் மட்டுமே ஆடுகிறவன் நான். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம், தீபாவளிக்குப் பக்கத்து சீட்காரருக்கு கார், எனக்கு ஸ்வீட் பாக்ஸ் என்று ஆனது மாதிரி இருக்கும்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை வளர்க்கிற ஆட்டம் இது. டிஎம் என்கிற ஒருவர் உலகத்தையும் அதில் உள்ள மற்ற எல்லோரையும் நடத்துவார். ஒரு காரியம் பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் இருபது பக்கப் பகடை தீர்ப்பு சொல்லும்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட ஆட்டம், படைபொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் விதிகளைப் பாருங்கள். மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிக்கு நாலு பக்கப் பகடை, ஃபைட்டருக்குப் பத்துப் பக்கம். முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஸ்பெல். போட்டதும் அது மனசிலிருந்து அழிந்துவிடும், மறுபடி மனப்பாடம் செய்யணும். ஜாக் வான்ஸ் கதைகளிலிருந்து எடுத்த யோசனை அது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு அடி விழுந்தால் ஸ்பெல் காலி. அடுத்த லெவலுக்கு ஃபைட்டருக்குச் சுமார் 2000 புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2500 வேண்டும். ஃபைட்டர் 9ஆம் லெவலுக்கு வந்தால் கோட்டை கட்டலாம், படைவீரர்கள் தேடி வருவார்கள். மந்திரவாதி முதலில் விலை கொடுப்பான், பிறகு அறுவடை செய்வான். நியாயமோ இல்லையோ, விலை என்று ஒன்று இருந்தது.

2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எல்லோருக்கும் ஒரே புள்ளி அட்டவணை. அடி வாங்கினாலும் கவனம் சிதறாமல் ஸ்பெல்லை முடிக்க வழி பிறந்தது. ஃபைட்டரின் கோட்டையும் படையும் அவன் பக்கத்திலிருந்து காணாமல் போயின. தொல்லையான விதிகளைக் களைவது நல்ல எண்ணம்தான். ஆனால் விலையைக் குறைத்தார்களே தவிர, சரக்கைக் குறைக்கவில்லை.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டேமேஜ் கணக்குப் போடுவார்கள். யார் ஒரு ரவுண்டில் எவ்வளவு அடிக்கிறார்கள் என்று பட்டியல் வரும். எனக்கு அதில் குறையில்லை. ஃபைட்டர் நன்றாகவே அடிப்பான். 20ஆம் லெவலில் ஒரே ஆக்‌ஷனில் நாலு வெட்டு. என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அது எனக்குப் புரிந்தது ஒரு பள்ளத்தின் ஓரத்தில்.

எங்கள் பாத்திரங்கள் அப்போது 9ஆம் லெவல். முன்னால் அறுபதடி அகலத்துக்குப் பாறைப் பிளவு. நான் ஒரு திட்டம் சொன்னேன்: இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, கயிறு கட்டி எல்லாரையும் இழுத்துக்கிறேன். டிஎம் சொன்னான், “அத்லெடிக்ஸ் உருட்டு.” உருட்டினேன், தேறியது. “பாறை ஈரமா இருக்கு, இன்னொண்ணு உருட்டு.” அதுவும் தேறியது. “கயிறு எவ்ளோ நீளம் வச்சிருக்க?” ஐம்பதடி. “பத்தலையே மச்சான்.” அப்போது விசார்ட் ஆடும் நண்பன் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, “வால் ஆஃப் ஸ்டோன். பாலமா போடறேன்” என்றான். டிஎம் புத்தகத்தைத் திறந்து பார்த்தான். “ஓகே.” நடந்து போனோம்.

அந்தப் பாலத்தின் மேல் எனக்குப் பொறாமையில்லை. டிஎம் மேல் கோபமும் இல்லை, எனக்குத் தெரிந்த நல்ல டிஎம்களில் அவன் ஒருத்தன். கவனித்தது ஒன்றுதான். விசார்டின் வாக்கியம் முற்றுப்புள்ளியில் முடிந்தது. என்னுடையது கேள்விக்குறியில் முடிந்தது. ஸ்பெல் என்பது அச்சடித்த உத்தரவு. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், என்ன நடக்கும் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. டிஎம் அதைப் படித்து ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான். ஃபைட்டருக்கு அப்படி எழுதிவைத்த தாள் கிடையாது. அவன் ஒவ்வொரு தடவையும் “இதைப் பண்ணலாமா?” என்று கேட்டு, மனசு வைத்தால், பகடையும் மனசு வைத்தால், செய்யலாம்.

சரி, டிஎம் எதை வைத்து முடிவெடுக்கிறார்? மந்திரத்துக்கு இந்த உலகில் அளவுகோல் கிடையாது, அதனால் எதுவும் நடக்கலாம். ஆனால் உடம்பு எல்லாருக்கும் இருக்கிறது. ஈரப்பாறையில் நம்மால் ஏற முடியாது, ஜிம்முக்குப் போகிற பக்கத்து வீட்டு அண்ணனாலும் முடியாது, ஆகவே ஃபைட்டராலும் முடியாது. டிராகனோடு வாள்சண்டை போட்டுப் பிழைத்தவனுக்கு அந்த அண்ணன்தான் உச்சவரம்பு! வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கணக்குப் பார்க்கிற நாமெல்லாம் பீமன் மரத்தைப் பிடுங்கி அடித்த கதை கேட்டு வளர்ந்தவர்கள். அவன் வாயு மகனாச்சே என்பீர்கள். சரி, நம்ம சினிமா ஹீரோ யார் மகன்? ஒரு உதையில் அடியாள் சுமோ கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் விழும்போது, எந்தத் தியேட்டரிலும் “அத்லெடிக்ஸ் உருட்டினாரா?” என்று யாரும் கேட்டதில்லை.

ஃபைட்டருக்கும் அச்சடித்த உத்தரவு கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் எல்லா வகுப்புக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. ஃபைட்டருக்கு ‘கம் அண்ட் கெட் இட்’ என்று ஒரு பவர் இருந்தது. சுற்றியிருக்கும் எதிரிகளை “வாங்கடா” என்று சீண்டி, பக்கத்தில் இழுத்து, எல்லாரையும் வெட்டலாம். பெரிய சண்டை மூண்டது. தூரத்தில் நின்று அம்பு விடுகிறவன், மந்திரமே இல்லாமல், ஏன் தானாக வந்து மாட்டிக்கொள்ளணும்? பிறகு விதியைத் திருத்தினார்கள். எதிரியின் மனவுறுதியை வென்றால்தான் இழுக்க முடியும் என்றானது. எல்லா வகுப்பும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற முறைப்பாட்டிலும் உண்மை உண்டு. எனக்குமே அந்தப் பதிப்பில் சண்டைகள் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். ஆனாலும் ஃபைட்டர் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளியோடு சொன்னபோது எத்தனை பேருக்கு உறுத்தியது என்பதை மறக்க முடியவில்லை.

ஒரு ஆட்டம்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். மேஜையில் ஃபைட்டர் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் புரியும். புதிதாக வருகிறவரிடம் “நீங்க புதுசுல்ல, ஃபைட்டர் எடுத்துக்கோங்க, ஈஸி” என்பார்கள். படிக்க வேண்டிய பக்கம் குறைவு என்ற வகையில் ஈஸிதான். ஆனால் எழுதிவைத்த அதிகாரம் இல்லாத பாத்திரத்துக்குப் பேச்சுத்தான் ஆயுதம். டிஎம்மை வழிக்குக் கொண்டுவரத் தெரியணும், இடைமறித்துப் பேசத் தெரியணும், மறுத்தால் விடாமல் வேறு வழி கேட்கணும். பல வருடம் பழகிய என் போன்றவனுக்கே மூச்சு வாங்குகிற வேலை அது. அதைத்தான் புதியவர் கையில் கொடுக்கிறோம். கூச்சத்தோடு வந்தவர் கடைசியில் “நான் அடிக்கிறேன்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போனைப் பார்க்க ஆரம்பிக்கிறார்.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு தோழி ஆறாவது ஞாயிறோடு நின்றுவிட்டாள். பல வாரம் கழித்துக் காரணம் கேட்டேன். ஆட்டம் பிடித்திருந்தது என்றாள். “ஆனா ஒவ்வொண்ணுக்கும் பர்மிஷன் கேக்கற வேலையத்தான ஆபீஸ்ல அஞ்சு நாளும் பண்றேன்?”

சமம் என்பதற்காக எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கணும் என்பதில்லை. 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிக்காவில் மந்திரவாதிகள்தான் பெரிய ஆள்கள், ஒளிவுமறைவே கிடையாது. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைப் பாத்திரமும் இருக்கும். க்ரோக் எனப்படும் காவல்வீரர்கள் எல்லாருக்கும் பொது. இந்த வாரம் நீ மந்திரவாதி, அடுத்த வாரம் நான். பாத்திரங்கள் சமமில்லை, ஆடுகிறவர்கள் சமம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிகளிலும் ஒரு நல்ல அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். சில ஆயுதங்களால் அடி விழுந்தாலே எதிரியைப் பத்தடி தள்ளலாம், தனி உருட்டல் வேண்டாம். சின்ன முற்றுப்புள்ளிதான், அதுவும் சண்டைக்குள் மட்டும். பள்ளத்தின் ஓரத்தில் ஃபைட்டர் இன்னும் பகடையோடுதான் நிற்கிறான்.

எங்கள் மேஜையில் இப்போது ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறோம். ஸ்பெல் இல்லாத பாத்திரத்தின் முன்னால் ஒவ்வொரு வாரமும் மூன்று புளியங்கொட்டை. ஒன்றைத் தள்ளி வைத்தால் கேட்காமல் சொல்லலாம், சொன்னது நடக்கும். யாரையும் கொல்லக் கூடாது, இன்னொருவர் செய்ததை அழிக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. போன மாதம் நகரவாசலில் மறித்தார்கள். நான் கொட்டையைத் தள்ளிவிட்டு, “இந்தக் காவல்தலைவன் வடக்குப் போர்ல என் பக்கத்துல நின்னவன். பார்த்ததும் கதவைத் திறக்கிறான்” என்றேன். டிஎம் ஒரு நொடி யோசித்துவிட்டு அந்தக் காவலனுக்குப் பெயர் வைத்தான். இப்போது அவன் கதையில் ஒரு முக்கியமான ஆள். விசார்ட் ஆடுகிறவன்தான் அவனைப் பற்றி அதிகம் கேட்கிறான்.

கொட்டை மூன்றும் தீர்ந்து வீட்டுக்குப் போன வாரங்கள் குறைவு. பாதி நேரம் வாயிலிருந்து “பண்ணலாமா?” என்றுதான் வருகிறது. அப்போது விசார்ட் நண்பன் ஒன்றும் பேசாமல் ஒரு கொட்டையை விரலால் என் பக்கம் நகர்த்துவான்.