‘சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவாட்டி கேஸு!’ – எல்லை தாண்டி கள்ளுக்கடைக்குப் போன பனையேறித் தாத்தா

“டேய், கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு தபா கள்ளுக்கடைக்கு இட்டுனு போடா.”

திண்டிவனத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் அந்த 26 வயது இளைஞர், 78 வயது தாத்தாவிடமிருந்து இப்படி ஒரு ஆசையை எதிர்பார்க்கவில்லை. விக்கிரவாண்டி பக்கம் ஒரு கிராமம். தாத்தா பனையேறி. அவருடைய ஒரே மகன், அதாவது இளைஞரின் அப்பா, குடியால்தான் இறந்துபோனார். அந்த வீட்டில் இருந்துகொண்டு தாத்தா கள் கேட்டால் எப்படி இருக்கும்? மருமகள் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருந்தாலும் ஒரு செவ்வாய்க்கிழமை பைக் கிளம்பியது. விழுப்புரம், வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டு. அங்கிருந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம். சாலை அதேதான், வயலும் அதேதான், சட்டம் மட்டும் வேறு. தமிழ்நாட்டில் கள் இறக்கினால் குற்றம். அங்கே கள்ளுக்கடை, சாராயக்கடைகளை அரசே ஏலம் விடுகிறது.

அன்று மதகடிப்பட்டு மாட்டுச் சந்தை. கடையில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! கீற்றுக் கொட்டகை, மரப் பெஞ்சு, தரையெல்லாம் மணல். மாட்டு வியாபாரிகள், கரும்பு வெட்டுகிறவர்கள், சிமென்ட் காயாத கையோடு கொத்தனார்கள். அவித்த முட்டை, சுண்டல், மீன் வறுவல் வாசனையோடு புளித்த வாடையும் கலந்து அடித்தது. பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஓட்ட வேண்டும் என்பதால் அவருக்கு சுண்டல் மட்டும்.

தாத்தா வாங்கியதும் குடிக்கவில்லை. மக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு ஒரு வாய்.

“இது தென்னங்கள்ளு. நேத்து சாயங்காலம் எறக்குனது.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “பெருசு, நீங்க மரமேறியா?”

அவ்வளவுதான், தாத்தா வாய் திறந்துவிட்டார். முப்பது மரம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இடுப்பில் பாளை அரிவாள், காலில் நார்க் கயிறு. பாளையைத் தினமும் சீவினால்தான் சொட்டும். ஒரு நாள் விட்டால் காய்ந்துவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு கள். “சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவாட்டி கேஸு. அம்புட்டுதான் வித்தியாசம்” என்றார்.

தமிழ்நாட்டில் 1971-ல் கள்ளுக்கடைகளைத் திறந்தார்கள், சில வருடங்களில் மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ல் மீண்டும் தடை வந்தது. அப்போது தாத்தாவுக்கு நாற்பது வயது. 2003-ல் பாட்டில் மதுவை அரசே சில்லறையில் விற்க ஆரம்பித்தது. பனைக்கு ‘மாநில மரம்’ என்ற பட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது மக்கை அவர் வாங்கவில்லை. பேரனிடம் மெதுவாகச் சொன்னார். “கடையை மூடுனப்ப உங்கப்பனுக்குப் பதினோரு வயசு. அடுத்த வருஷம் மரமேறக் கத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். அப்புறம் பதநீ மட்டும் எறக்குனேன், வாங்க ஆளில்ல. அவன் லாரியில மூட்டை தூக்கப் போனான். அங்க கத்துக்கிட்டதுதான் எல்லாம்.”

மரம் இருந்திருந்தால் மகன் பிழைத்திருப்பார் என்பது அந்த அப்பாவின் நம்பிக்கை. அது உண்மையா, யார் சொல்வது? கள்ளிலும் போதை உண்டு, அதனால் கெட்ட குடும்பங்களும் உண்டு. தடை போட்டதால் குடி நின்றுவிடவில்லை என்பதும் கண் முன்னால் இருக்கிறது. 2023 மே மாதம் இதே மாவட்டத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல்.

திரும்பும்போது எல்லையில் போலீஸ் வண்டியை நிறுத்தியது. பேரனுக்குப் படபடப்பு. பையைத் திறந்து பார்த்தார்கள். பொட்டலச் சுண்டல்தான் இருந்தது.

“எங்க போயிட்டு வர்றீங்க பெரியவரே?”

“வேலை பார்த்த எடத்தைப் பார்த்துட்டு வரேன் சாமி.”

போலீஸ்காரருக்குப் புரிந்ததோ இல்லையோ, போகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மருமகள் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார்.

“எப்படி மாமா இருந்துச்சு?”

“புளிச்சிப் போச்சும்மா” என்ற தாத்தா, சுண்டல் பொட்டலத்தை அவரிடம் நீட்டினார்.